கை தூக்கியவர்கள்

இவ்வளவு நல்லவராகத் தன் கணவர் இருந்திருக்க முடியாது என்று லோர்னா நினைத்தாள். நினைத்துக்கொண்டே எதிரில் நீண்ட கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"வெண்டல் மாதிரி இனி ஒருத்தர் வரப்போறதில்ல. ஒத்தையாளா நின்னு இந்தக் கிளப்போட வரவு செலவு மொத்தத்தையும் சுமந்தாரு" என்றார் கையை நீட்டியவர்.

"நன்றி" என்றாள்.

அவர் நகர்ந்து போய்த் தட்டெடுத்துக்கொண்டார். அடுத்த கை வந்தது. கிளப்பின் சாப்பாட்டுக் கூடத்து வாசலில், மகள் நடீன் பக்கத்தில் நிற்க, லோர்னா வெகு நேரமாகக் கை குலுக்கிக்கொண்டிருந்தாள். காலையில் தேவாலயத்தில் பூசை முடிந்திருந்தது. வெண்டலின் சாம்பல் ஒரு சின்ன மரப்பெட்டியில், பியானோவின் மேல், அவருடைய படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. படத்தில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்தார்.

ஒத்தையாளா. இந்த வார்த்தையை அவள் இன்று கேட்பது இது முதல் முறையல்ல. மூலை வீட்டு டாக்டரின் மனைவி சொன்னாள். வேலிச் செடியை வெட்டிய சண்டையில் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசாமலிருந்த பக்கத்துத் தெருக்காரர் சொன்னார். வழக்கமாகத் துக்கம் கேட்க வருகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். சீட்டாட்டத்தில் வெண்டல் செய்கிற கள்ளத்தனத்தை ஒருவர் சொல்லிச் சிரிப்பார். எல்லாரிடமும் அவர் சொல்லிச் சலித்த அந்த முதலைக் கதையை இன்னொருவர் திருப்பிச் சொல்வார். இன்று சீட்டும் வரவில்லை, முதலையும் வரவில்லை. எல்லார் வாயிலும் ஒரே வாக்கியம், ஒரே வரிசையில் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, கோல்ஃப் ஆடக் கிளம்பி, கார் கொட்டகைப் படியில் உட்கார்ந்து ஷூ கட்டும்போது வெண்டலின் உயிர் போய்விட்டது. ஒரு ஷூவின் கயிறு கட்டியிருந்தது. இன்னொன்று கையில் இருந்தது. ஆம்புலன்ஸ் போன கொஞ்ச நேரத்தில் கிளப் வாசல் கொடியைப் பாதிக்கு இறக்கினார்கள். உறுப்பினர் யாராவது இறந்தால் அதுதான் வழக்கம். காலையில் எழுந்ததும் எல்லாரும் ஜன்னல் வழியே முதலில் அந்தக் கொடியைத்தான் பார்ப்பார்கள். "தன்னோட நாடியைப் பிடிச்சுப் பாக்கறதுக்கு முந்தி கொடியைப் பாக்கற ஊரு இது" என்று வெண்டல் கேலி செய்வார்.

"அம்மா, உட்காரும்மா. வந்தவங்கள்ல முக்கால்வாசி பேர் சாப்பிடப் போயாச்சு" என்றாள் நடீன். டென்வரிலிருந்து வந்ததிலிருந்து அவள் எல்லாரிடமும் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தாள். "இன்னிக்குச் செலவு மொத்தமும் கிளப்பே ஏத்துக்குதாம். தலைவர் ராண்டல் சொன்னாரு. எவ்வளவு பெரிய மனசு பாரேன்."

லோர்னா கூடத்து மேசைகளைப் பார்த்தாள். தேநீரில் போடும் எலுமிச்சைத் துண்டுக்கும் பில் போடுகிற கிளப் இது. இங்கே வீடு வாங்கினால் உறுப்பினராகியே தீர வேண்டும். வீட்டை விற்றால்தான் விடுதலை. ஒவ்வொரு காலாண்டிலும் இவ்வளவுக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று கணக்கு உண்டு. சாப்பிடாவிட்டாலும் காசு போகும். போன வருடம் சார்ல்ட்டன் கிழவர் இறந்தபோது, அவர் மனைவி கருமாதி விருந்தை அந்தக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சொல்லி மன்றாடினாள். கமிட்டி ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது பன்றித் தொடைக்கறியும் இறாலும் எலுமிச்சை கேக்கும் சும்மா வருகின்றன. எதற்காக?

கூடத்தின் மறுகோடியில் புதிய கண்ணாடி மாடம் தெரிந்தது. போன குளிர்காலத்தில் கட்டியது. அங்கே உட்கார்ந்தால் வாய்க்கால் முழுக்கத் தெரியும். வீடுகளின் பின்பக்கமாக வாய்க்காலை ஒட்டி ஓடும் கரைச்சுவரும் தெரியும். புயலில் விரிசல் விட்ட சுவர் அது. அதைச் சரி செய்ய வருடக்கணக்காக எல்லாரும் கட்டிய பணம் தனியாக இருந்தது. மாடம் எழும்பிய பிறகு அந்தப் பணத்தைப் பற்றிக் கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. முணுமுணுப்பு கூச்சலானது. வரும் வியாழக்கிழமை எல்லா உறுப்பினர்களையும் கூட்டி விளக்கம் சொல்வதாகக் கமிட்டி ஒத்துக்கொண்டிருந்தது. நிதிப் பொறுப்பு வெண்டலுடையது. விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர்.

மாடம் கட்ட முடிவெடுத்த கமிட்டி கூடிய நாள் லோர்னாவுக்கு நன்றாக நினைவிருந்தது. வெண்டல் வீட்டுக்கு வந்து, காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அவள் போய்க் கதவைத் திறந்தாள்.

"கரைச்சுவர் பணத்தை எடுக்கலாமான்னு ராண்டல் கேட்டாரு. எல்லாரும் கை தூக்கினாங்க. நானும் தூக்கினேன்" என்றார்.

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான் நெனச்சேன். சாப்பாட்டு நேரமாயிடுச்சு."

அப்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்த மாடத்தில் ஒரு நாளும் உட்காரவில்லை. கேட்டால் வெயில் அடிக்கிறது என்பார். சாயங்காலத்திலும் வெயில் அடிக்கிறது என்பார்.

அவர் செய்தது அவ்வளவுதானா, தன்னிடம் சொல்லாதது இன்னும் இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. நாற்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்தவரைப் பற்றி அப்படி நினைப்பதே கூச்சமாக இருந்தது. ஆனால் நினைப்பு போகவில்லை.

பெவ் தட்டோடு வந்து பக்கத்தில் சாய்ந்தாள். எதிர்வீட்டுக்காரி. கரைச்சுவர் பணம் எங்கே என்று வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவள். கூட்டத்தைக் கூட்ட வைத்ததே அவள்தான்.

"இந்த முட்டையைத் தின்னு பாரு. உப்பே இல்ல. ஓசின்னா உப்புக்கும் கை வராது போல."

"பெவ், ஒண்ணு கேக்கறேன். எல்லாரும் ஒத்தையாளா, ஒத்தையாளாங்கறாங்களே. எங்கேருந்து வந்துச்சு அந்தப் பேச்சு?"

பெவ் முட்டையைத் தட்டில் வைத்தாள். "தெரியாதா உனக்கு? நேத்து காலையில எல்லாரும் டிபன் சாப்பிட்டுட்டு இருந்தோம். ராண்டல் மேசை மேசையா வந்தாரு."

"வந்து?"

"வெண்டலைப் பத்தித்தான் சொன்னாரு. நல்லதாத்தான் சொன்னாரு, லோர்னா. எல்லா முடிவையும் வெண்டலே தலைமேல போட்டுக்கிட்டாரு, கமிட்டியில வேற யாரையும் ஒரு வார்த்தை கேட்டுத் தொந்தரவு பண்ணினதில்ல, நாங்க அவரை நம்பிக் கண்ணை மூடிட்டு இருந்தோம்னு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு."

"மாடம் கட்டின முடிவையுமா?"

பெவ் கொஞ்சம் யோசித்தாள். "எல்லாத்தையும்னுதான் சொன்னாரு."

"வியாழக்கிழமை கூட்டம்?"

"செத்துப்போன மனுசன்கிட்ட என்னத்தைக் கேக்க, விட்டுடலாம்னாரு. எனக்கும் அதான் பட்டுச்சு. உன்னைக் கூட்டத்துல உட்கார வெச்சுக்கிட்டு நான் எப்படி வாயத் திறப்பேன்?" பெவ் அவள் முழங்கையைத் தொட்டாள். "உனக்காகத்தான்டி விட்டேன்."

லோர்னா அவளைப் பார்த்தாள். பெவ் பொய் சொல்லவில்லை. அதுதான் மோசமாக இருந்தது.

கைகழுவும் அறைக்குப் போகும் நடையில் ராண்டல் நின்றிருந்தார். கிளப் தலைவர். நீலக் கோட்டின் மார்பில் தங்க நூலில் கிளப் சின்னமான நாரை. அவளுக்காகவே நின்ற மாதிரி இருந்தது.

"உங்களைத்தான் தேடிட்டிருந்தேன், லோர்னா. இன்னும் கொஞ்ச நேரத்துல தீர்மானம் படிக்கப்போறோம். நம்ம வழக்கம் தெரியுமில்ல?"

தெரியும். பொறுப்பில் இருந்தவர் இறந்தால் நன்றித் தீர்மானம் ஒன்று படிப்பார்கள். கூடியிருப்பவர்கள் கை தூக்கி ஏற்பார்கள். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மனைவி கையில் கொடுப்பார்கள். கிளப்பின் நடவடிக்கைக் குறிப்பில் அது ஏறும். சார்ல்ட்டன் கிழவருடையது அவர் மனைவியின் கழிப்பறைச் சுவரில் தொங்குகிறது.

"நீங்க எழுந்து வந்து வாங்கிக்கணும். ஆமா, இதெல்லாம் உண்மைதான், நன்றின்னு ரெண்டு வார்த்தை சொன்னீங்கன்னா போதும். அதையும் குறிப்புல சேர்த்துருவோம்."

"நான் சொல்றதை எதுக்குச் சேர்க்கணும்?"

"ஒரு மரியாதைதானே."

"ஒத்தையாளாங்கற வார்த்தை அதுல இருக்கா, ராண்டல்?"

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "அவரோட உழைப்பைத்தானே சொல்றோம்."

"அதை எடுத்துட முடியுமா?"

"சட்டம் போட்டு வந்துருச்சே. கண்ணாடியெல்லாம் மாட்டியாச்சு."

"அன்னிக்குக் கமிட்டியில எத்தனை பேர் கை தூக்கினீங்க?"

ராண்டல் கீழே கம்பளத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, நோயாளியிடம் பேசுகிற மாதிரிப் பேசினார். "நீங்க ரொம்பக் களைச்சிருக்கீங்க. இதெல்லாம் இன்னிக்கு எதுக்கு? வெண்டல் இருந்தா என்ன சொல்லுவாரு? யாரையும் சங்கடப்படுத்தறது அவருக்குப் பிடிக்காதே."

அது உண்மை. ராண்டல் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை என்று அவளுக்குப் பட்டது. அந்தச் சுபாவத்தை நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்களா? கமிட்டியில் ஒவ்வொரு சாப்பாட்டு நேரமும் இப்படித்தான் வந்து சேர்ந்ததா? ராண்டல் அவள் தோளை மெல்லத் தட்டிவிட்டுக் கூடத்துக்குள் போனார்.

நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் கமிட்டிக்காரர்கள். லோர்னாவையும் நடீனையும் அவர்களுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். ராண்டல் பியானோ பக்கம் நின்று, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நல்ல குரல். வெண்டலின் பிறந்த ஊர், கடற்படையில் இருந்தது, வங்கி வேலை எல்லாம் சரியாக இருந்தன. பிறகு நிதி வந்தது. எந்த முடிவையும் தானே எடுத்து, எவர் உதவியையும் நாடாமல், ஒத்தையாளாக. பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பெவ்வாக இருக்கும்.

ஒவ்வொரு வரியாகக் கேட்கக் கேட்க லோர்னாவுக்கு வெண்டல் எங்கோ தள்ளித் தள்ளிப் போவது போலிருந்தது. பெரிய மேசை. எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். அவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். அவர் அப்படிப்பட்டவரில்லை. தனியாகச் சினிமாவுக்குப் போகமாட்டார். தனியாக ஒரு சட்டை எடுக்கமாட்டார். தப்பையும் நாலு பேரோடு சேர்ந்துதான் செய்தார்.

"இந்தத் தீர்மானத்தை ஏத்துக்கறவங்க கை தூக்கலாம்" என்றார் ராண்டல்.

கைகள் எழுந்தன. முன்வரிசைக் கைகள் முதலில் எழுந்தன. அவள் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் இரண்டு. ராண்டல் ஒரு கையில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கியிருந்தார். பின்னால் கூடம் முழுவதும் கை தூக்கியிருந்தது.

"லோர்னா" என்று கூப்பிட்டு ராண்டல் சட்டத்தை நீட்டினார்.

அவள் எழவில்லை.

ராண்டல் ஓரடி முன்னால் வந்தார். "கால் வலிக்குதுபோல. நானே கொண்டு வரேன்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். இரண்டு பேர் அன்பாகச் சிரித்தார்கள்.

சட்டம் அவள் முகத்துக்கு நேரே வந்தது. கண்ணாடியில் எழுத்து தெரியவில்லை. பின்னால் தூக்கியிருந்த கைகள்தான் தெரிந்தன.

"அம்மா, வாங்கிக்கோம்மா" என்றாள் நடீன் காதோடு. "எல்லாரும் பாக்கறாங்க."

"வேண்டாம், ராண்டல்" என்றாள் லோர்னா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. இன்னொரு கோப்பை காப்பி வேண்டுமா என்று கேட்டதற்குச் சொன்ன மாதிரி. "அவர் ஒத்தையாள் இல்ல."

கைகளை இறக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அவை அப்படியே நின்றன. கொஞ்ச நேரத்தில் பின்வரிசையில் ஒரு கை இறங்கும் சத்தம், வளையல் நாற்காலி விளிம்பில் இடிக்கும் சத்தம், கேட்டது. பெவ்வின் வளையல்.

லோர்னா தன் இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டாள்.