கத்தரிக்காய்க்குள் யாரும் இல்லை

டொன்னாசுவின் தலையைக் கழற்றியதும் சட்சுகி வாந்தியெடுத்தாள்.

ஆகஸ்ட் வெயில் கூடாரத்துணியைத் துளைத்து இறங்கியது. வெளியே கசேதா நகரத்தின் கோடைத் திருவிழா. மத்தளம் அதிர, பிள்ளைகள் ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தார்கள். "டொன்னாசு! டொன்னாசு!"

டொன்னாசு அந்த ஊர் நகராட்சியின் செல்லப் பொம்மை. சுமோ வீரன்போல வெள்ளைக் கச்சை கட்டிய, ஆளைவிட உயரமான ஊதாக் கத்தரிக்காய். சட்சுகிதான் அதற்குள் நுழைந்து ஆடுகிறவள். ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. டொன்னாசுவுக்குள் ஆள் கிடையாது, டொன்னாசு பேசாது, பிள்ளைகள் எதிரில் தலையைக் கழற்றாது. அந்தத் தொழிலின் சட்டம் அது.

"போதும்மா. அடுத்த ஆட்டத்துக்கு நான் போறேன்" என்றார் நோரிகானே. பொம்மையின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போய், அதற்காக மைக்கில் பேசுகிறவர். நகராட்சிச் சுற்றுலாப் பிரிவு ஊழியர்.

"உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கே, நோரிகானே-சான்."

"எங்க வீட்டுக்காரி கோவத்தைவிட இதுக்குள்ள சூடு கம்மிதான். குடு இப்படி."

"நடை..."

"இடது காலை இழுக்கணும், மூணாவது அடியில லேசா சாயணும். கண்ணாடி முன்னாடி நின்னு பழகியிருக்கேன் தொகாஷி-சான். யாரு உள்ள போனாலும் டொன்னாசு ஒரே ஆளுதான்."

சட்சுகி சிரிக்கவில்லை. அந்தச் சாய்ந்த நடை அவளுடையது. நகோயாவில் அவள் கணவன் இவாசே மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டதில் உடைந்து, கோணலாகக் கூடிய இடுப்பின் நடை. ஆஸ்பத்திரியிலிருந்தே அவள் ஓடிவிட்டாள். அடுத்த முறை கொன்றுவிடுவான் என்று தெரியும். பிறந்த வீட்டுப் பெயரான தொகாஷியை மட்டும் வைத்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்தாள். முகமும் பெயரும் வெளியே தெரியாத வேலை. ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் ஏது?

ஒன்றை மட்டும் அவள் எதிர்பார்க்கவில்லை. அந்த நொண்டி நடையே டொன்னாசுவைப் பிரபலமாக்கிவிட்டது. டொன்னாசு நடக்கிற வீடியோவை நாடு முழுக்கப் பார்த்துச் சிரித்தார்கள். நகோயா மீன் சந்தையில் மீன் வெட்டுகிற இவாசேயும் பார்த்தான். அவன் சிரிக்கவில்லை.

நோரிகானேயின் நீல மேலங்கி, தொப்பி, முகக்கவசம் எல்லாவற்றையும் அணிந்துகொண்டு, சட்சுகி பொம்மையின் கையைப் பிடித்து மேடையேற்றினாள். டொன்னாசு இழுத்தது, சாய்ந்தது, நடந்தது. கைதட்டல் காதைப் பிளந்தது.

முன்வரிசையிலிருந்து ஒருவன் மேடைமேல் தாவினான். கையில் துண்டு சுற்றிய ஏதோ ஒன்று.

"சட்சுகி" என்றான், கத்தரிக்காயைப் பார்த்து.

அந்த ஊரில் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவள் தொகாஷி-சான்.

"காய்கறிக்குள்ள பூந்துட்டா கண்டுபிடிக்க மாட்டேன்னு நெனச்சியா? உன் நடையை எனக்குத் தெரியாதாடி? அதைச் செஞ்சு குடுத்தவனே நான்தானே."

துண்டு விழுந்தது. மீன் வெட்டும் கத்தி. டொன்னாசுவின் வயிற்றில் இறங்கியது.

கூட்டம் சிரித்தது. தடித்த நுரைமெத்தை கத்தியை விழுங்கிக்கொண்டது. டொன்னாசு ஓரடி பின்வாங்கி, குண்டுக் கைகளை விரித்தது. சுமோ வேடிக்கை என்று நினைத்து மத்தளக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள்.

"விடாத டொன்னாசு! தள்ளு!" ஒரு சிறுமி அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து கத்தினாள்.

இரண்டாவது குத்து அக்குளில், துணி மெலிந்த இடத்தில். அது உள்ளே போனது. மூன்றாவதும் அங்கேயே. ஊதா நிறத்தில் ரத்தம் தெரியவில்லை. நோரிகானே கத்தவில்லை. எதிரில் முந்நூறு பிள்ளைகள். டொன்னாசு பேசாது.

சட்சுகிக்குப் பின்னால் படிக்கட்டு. அதற்கப்பால் கூடாரம், அவள் கார். இவாசே அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவனைப் பொறுத்தவரை அவளைத்தான் குத்திக்கொண்டிருந்தான். இப்போது போனால் தப்பிவிடலாம்.

வெள்ளைக் கச்சையின் விளிம்பில் சிவப்பு பரவத் தொடங்கியது. டொன்னாசு முழங்காலிட்டது.

அவள் முன்னால் போனாள். கழுத்துக் கொக்கியை விடுவித்து, தலையை ஒரே இழுப்பில் தூக்கினாள்.

வழுக்கையும் வியர்வையுமாக ஒரு மனிதத் தலை வெளியே வந்தது. உதட்டைக் கடித்துக் கடித்து அவர் வாயெல்லாம் ரத்தம். மத்தளம் பாதியில் நின்றது. மேடைக்கு அருகிலிருந்த பிள்ளைகள் வீறிட்டார்கள்.

இவாசே கத்தியை ஓங்கியபடியே உறைந்தான். "யார்ரா நீ?"

"நான் இங்க இருக்கேன்" என்றாள் சட்சுகி. நோரிகானேயின் மேலங்கிக் கழுத்தில் செருகியிருந்த மைக்கில் அது மைதானம் முழுக்கக் கேட்டது.

அவன் திரும்பிய வேகத்திலேயே பாய்ந்தான். பொம்மைத்தலையை அவள் முன்னால் பிடித்தாள். உள்ளிருப்பவர் வெளியே பார்க்க அதன் வாயில் வைத்திருந்த வலைக்குள் கத்தி புகுந்து அவள் முன்கையைக் கிழித்தது. அவள் விடவில்லை. தலையை முழுபலத்தோடு திருகினாள். உள்ளே சிக்கிய அவன் மணிக்கட்டு சத்தத்தோடு உடைந்தது.

அவன் அலறிக்கொண்டு கையை உருவினான். கத்தி வலையிலேயே தொங்கியது. அவள் தலையை உயர்த்தி அவன் மூக்கில் இறக்கினாள். விழுந்தவன் எழுந்தான். மறுபடி இறக்கினாள். பல் ஒன்று தெறித்து மத்தளத்தில் பட்டது. மூன்றாவது அடியில் டொன்னாசுவின் நெற்றியே பிளந்துவிட்டது. அவளுக்குக் கை நிற்கவில்லை.

"போதும், தொகாஷி-சான்." நோரிகானேயின் குரல் காற்றாக வந்தது. "செத்துடுவான்."

"சாகட்டும்."

"அப்புறம் நீ ஜெயிலுக்குப் போயிடுவே. இந்த மூட்டைய நானே தெனமும் சுமக்கணும். என்னால ஆகாது."

மத்தளக்காரர்கள் இவாசேமேல் விழுந்து அமுக்கினார்கள். ஒரு தாதி கூட்டத்திலிருந்து ஓடிவந்து நோரிகானேயின் அக்குளில் துண்டை அழுத்தினாள். நுரையீரலுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் போயிருந்தது கத்தி என்று பிறகு சொன்னார்கள்.

போலீஸ்காரர்கள் இவாசேயை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு அவளைக் கடந்து போனார்கள். முகம் கூழாகியிருந்தது. ஆனாலும் பேசினான். "வெளிய வருவேன்டி. எங்க போய் ஒளிஞ்சாலும் கண்டுபிடிப்பேன்."

சட்சுகி முகக்கவசத்தைக் கழற்றினாள். தொப்பியையும். கிழிந்த கையிலிருந்து ரத்தம் சொட்ட, நொண்டியபடியே அவன் ஸ்ட்ரெச்சர் பக்கம் போய்க் குனிந்தாள்.

"கசேதா. ரயில் நிலையத்துக்குப் பின்னாடி, சலவைக்கடை மாடி. கதவுல பேர் எழுதி வைக்கிறேன். தேடி அலையாத."