மௌனத்தில் புகுந்த மெத்தை

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், என் கண்ணுகளா. பின்னால் இருப்பவர்கள் முன்னால் நகர்ந்து உட்காருங்கள். என் தொண்டை முன்போல் இல்லை. ஒரு பெண்ணுக்கு வந்த கோபத்தின் கதையைச் சொல்கிறேன். நியாயமான கோபம். கேட்டு முடிக்கும்போது உங்களுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொள்ளட்டும்.

ஒரு நாற்காலிக் கடையின் மாடியில் சின்னதாய் ஒரு வானொலி நிலையம் இருந்தது. நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு அறை, நடுவில் ஒரு கண்ணாடி, எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் பழைய கம்பளம். அண்ணன் முதலாளி. அண்ணி விளம்பரம் பிடித்து வருவாள். தங்கையை வீட்டில் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். தலை நரைக்கத் தொடங்கியும் அந்தப் பெயர் போகவில்லை. மழை வருமா, எந்தத் தெருவில் தண்ணீர் வராது, யார் வீட்டு நாயைக் காணவில்லை, இதையெல்லாம் வாசிப்பது அவள் வேலை. பல வருஷம் நாயைத் தேடிக் கொடுத்த பிறகு, கெஞ்சிக் கூத்தாடி, ஞாயிறு மத்தியானத்தில் தனக்கென்று ஒரு மணி நேரம் வாங்கினாள்.

"அந்நேரம் பாதி ஊரு தூங்கும். என்னத்தையாவது போட்டுக்கோ," என்றான் அண்ணன்.

அவளிடம் ஓர் இசைத்தட்டு இருந்தது. ஜெர்மனியில் நாலைந்து ராக் இசைக்காரப் பையன்கள், பேர் எடுப்பதற்கு முன்னால், ஏதோ ஒரு சினிமாவுக்குப் போட்டுக் கொடுத்த இசை. அந்தப் படத்தை அவள் பார்த்ததே இல்லை. பார்க்காததே நல்லது என்பாள். முரசு ஒரே நடையில் போய்க்கொண்டே இருக்கும், எங்கேயோ கிளம்பிவிட்ட ஆள் திரும்பிப் பார்க்காமல் நடக்கிற மாதிரி. கிட்டார் தெருநாய்போலப் பக்கத்தில் வந்து மோந்து பார்த்துவிட்டு விலகும். ஆர்கன் வாத்தியம் பனிபோல இறங்கும். அப்புறம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். கதவு ஒன்று திறக்கிற மாதிரி ஒரு கிறீச். அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்று சொல்லக்கூடாது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் கருவிகளின் மெல்லிய ரீங்காரம் இருக்கும். வாசித்த பையன்களில் யாரோ காலை மாற்றி வைப்பது கேட்கும். நீண்ட நேரம் அப்படியே. பிறகு தொலைவில் முரசு மறுபடி நடக்கத் தொடங்கும். அந்த இடத்துக்காகத்தான் மீதியெல்லாம் என்று அவள் நம்பினாள். முழுசாகப் போடப்போகிறேன் என்று வாரம் முழுக்க ஒலிபரப்பில் வாக்குக் கொடுத்தாள்.

அந்த நிலையத்தில் ஒரு பெட்டி உண்டு. காவல்காரன் என்பார்கள். ஒலிபரப்பில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லையென்றால் நிலையம் செத்துவிட்டது என்று நினைத்து, கைவசம் இருக்கிற விளம்பரத்தைத் தானே போட்டுவிடும். ஒரு தடவை அண்ணன் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். ஊரே வானொலிப் பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தது. அதற்கப்புறம் வாங்கியதுதான் இந்தக் காவல்காரன்.

ஞாயிறு வந்தது. முரசு நடந்தது, பனி இறங்கியது, கதவு கிறீச்சிட்டது. சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

'முதுகு வலியா? இனி கவலையில்லை! பஞ்சு மெத்தை, பஞ்சு மெத்தை, படுத்தா சொர்க்கம்!'

பாட்டு வேறு. டோலக்கு வேறு. சின்னவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மெத்தைக்காரன் இரண்டு தடவை சொர்க்கத்துக்குப் போய்வந்த பிறகுதான் அவளால் அதை நிறுத்த முடிந்தது. அதற்குள் முரசு திரும்பி வந்து, போயே போய்விட்டது.

தொலைபேசி அடித்தது. அடுத்த தெரு இஸ்திரிக் கடைக்காரர்.

"ஏம்மா, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? அந்தாளு நடந்து நடந்து இப்பதான் கதவைத் தொறந்தான். உள்ள என்ன இருக்குன்னு பார்த்தா மெத்தை விக்கிறீங்க!"

"தப்புதாங்க. அடுத்த வாரம் முழுசா போடறேன்."

"சட்டை மேல வச்ச இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்துட்டேன். ஒரு சட்டை காலி. அதுக்காகவாவது போடுங்க."

அவள் அண்ணனிடம் போனாள். அண்ணி அங்கேயே இருந்தாள்; மெத்தைக்கடை அண்ணியின் தம்பியுடையது.

"ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரத்துக்குக் காவல்காரனை அணைச்சு வைண்ணா."

"அணைச்சா எவனாவது நிலையம் மூடிட்டாங்கன்னு கிளப்பிவிடுவான். பெட்டி தன் வேலையைத்தானே செஞ்சுது?"

"சத்தமே இல்லாததை உக்காந்து கேக்கச் சொல்றியே சின்னவளே," என்றாள் அண்ணி. "அதுக்கு ஒரு வானொலி எதுக்கு? எங்க வீட்டுக்காரர் மூஞ்சியைப் பார்த்துட்டு உக்காந்திருந்தா போதாதா?"

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையா இருக்கு அண்ணி உங்க தம்பி மெத்தை."

"என் தம்பியை இழுக்காதே!"

"நான் எங்க இழுத்தேன்? அவர்தான் கூப்பிடாம உள்ள வந்தாரு!"

அண்ணன் கையைத் தூக்கினான். "விடுங்க. நான் பார்த்துக்கறேன். தட்டுல கீறல் இருக்கு சின்னவளே, ஊசி தாவும். குடு, நம்ம நிலையத்து ஒயர்மேன்கிட்டச் சொல்லி சிடியில ஏத்தித் தரேன். மெத்தை வராது. என் பொறுப்பு."

கூடப் பிறந்தவன் சொன்னால் நம்பாமல் இருக்க முடியுமா? கொடுத்தாள். சனிக்கிழமை தட்டும் சிடியும் சேர்ந்தே திரும்பி வந்தன.

ஞாயிறு மத்தியானம் சிடியைப் போட்டாள். முரசு, கிட்டார், பனி. கதவு கிறீச். உடனே முரசு! கதவைத் திறந்த ஆள் மூச்சுவிடக்கூட நேரமில்லாமல் மறுபடி ஓடினான்.

அமைதியை வெட்டி எடுத்திருந்தார்கள். மீன் வாங்கும்போது தலையை நறுக்கித் தள்ளுவார்களே, அப்படி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான், சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்புத்தான் அவள் கோபத்தைக் கிளப்பிவிட்டது. திருடியிருந்தால்கூட மன்னித்திருப்பாள், உபகாரம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறான்! சிடியை நிறுத்தினாள். ஒலிவாங்கியைத் திறந்தாள்.

"கேட்டுக்கிட்டு இருக்கறவங்களுக்கு. நான் முழுசா போடறேன்னு சொன்னேன். இப்ப வந்தது முழுசு இல்லை. நடுவுல இருந்த அமைதியை வெட்டிட்டாங்க. சத்தம் இல்லைன்னா அங்க ஒண்ணுமே இல்லைன்னு நினைக்கிறவங்க. அது ஒருத்தர் யோசிச்சு வச்ச இடம். என்னைக் கேக்காம, உங்களைக் கேக்காம வெட்டினாங்க. எனக்கு வயிறு எரியுது. இந்தாங்க, தட்டையே போடறேன்."

அண்ணன் கண்ணாடியைத் தட்டினான். அவள் திரும்பவில்லை. ஊசியைக் கதவுக்குச் சற்று முன்னால் வைத்தாள். கோபத்தில் ஒலிவாங்கியை மூட மறந்தாள்.

முரசு அடங்கியது. கிட்டார் விலகியது. கிறீச்.

அமைதி. ரீங்காரம். யாரோ காலை மாற்றி வைத்தார்கள். சின்னவள் காவல்காரனையே முறைத்துக்கொண்டிருந்தாள்: வா பார்க்கலாம், இன்னொரு தடவை மெத்தையைத் தூக்கிக்கொண்டு வா! பெட்டி வாயைத் திறக்கவில்லை. தொலைவில் முரசு நடக்கத் தொடங்கியது, கடைசிவரை நடந்தது.

தொலைபேசி.

"ஏம்மா," இஸ்திரிக் கடைக்காரரின் குரல் தணிந்திருந்தது. "அந்தக் கதவுக்குப் பின்னாடி நின்னு புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டது யாரு? எனக்குச் சிலிர்த்துப்போச்சு."

சின்னவள் ஒலிவாங்கியைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் கோபமூச்சைக் கேட்டுத்தான் காவல்காரன் ஏமாந்திருக்கிறான்.

ஆமாம், இசையில்தான் அது இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

"அது நான்தாங்க. அந்த ஜெர்மன்காரங்க அதை வைக்கலை. நீங்க இன்னும் முழுசா கேக்கலை."

"அப்ப அடுத்த வாரமும் உண்டா? சரி. இந்தத் தடவை இஸ்திரிப் பெட்டியைக் கீழ வச்சுட்டுக் கேக்கறேன்."

அண்ணன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். கத்தத்தான் வந்தான். தங்கை முகத்தைப் பார்த்ததும் வார்த்தை மாறிப்போனது.

"நல்லதுன்னு நினைச்சுதான் செஞ்சேன்."

"அதுதாண்ணா என்னால தாங்க முடியலை."

அவன் நேராகப் பெட்டியிடம் போனான். பிறகு குனிந்து காவல்காரனின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினான்.

"அடுத்த ஞாயிறு மெத்தை, மூச்சு எதுவும் வேண்டாம். பெட்டிக்குப் பதிலா நானே இங்க உக்காந்துக்கறேன்."

"உக்காரு. ஆனா தூங்கிடாதே. உன் குறட்டையையும் படத்துல சேர்த்துடுவாரு அந்த இஸ்திரிக்காரரு."

இவ்வளவுதான் கண்ணுகளா, எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் பேசுகிறவர் பேச்சை யாரும் நடுவில் வெட்டாதிருக்கட்டும். பேசாமல் உட்கார்ந்திருக்கிறவரையும் ஒருவரும் உலுக்காதிருக்கட்டும். அடுப்பு அணையாமல், கதவு அடைபடாமல், கோபம் வந்தாலும் உறவு அறுந்துபோகாமல், உங்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.