மடங்காத அட்டை

பெற்றோர் இட்ட பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டுமே இருந்தது. சுகாதார மையத்திற்கு வருவோர் அனைவருக்கும் அவர் அட்டை அக்காதான். மாத்திரை தீர்ந்ததும் வெற்று அட்டையைக் கொண்டுவந்து காட்டச் சொல்வது அந்தச் செவிலியரின் வழக்கம். இரத்த அழுத்தம் பார்க்குமுன் நோயாளியை ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, அவருடைய அன்றாடப் பாடுகளைக் கேட்பது மற்றொரு வழக்கம். காது கதையில் இருக்கும். விரல்கள் அட்டையைத் திருப்பிக்கொண்டிருக்கும்.

அன்று எதிரே அமர்ந்தவர் பேருந்து ஓட்டுநர். இம்மாத இறுதிக்குள் அவருடைய உடல்தகுதிப் படிவத்தில் மருத்துவர் கையெழுத்திட வேண்டும். இல்லாவிடில் பேருந்தை ஓட்ட முடியாது. கருவியோ மூன்றாம் முறையாக நூற்று எழுபதைக் காட்டிற்று. மூன்றாவதாக ஒரு மருந்தைச் சேர்க்க மருத்துவர் சீட்டில் எழுதியும் விட்டார்.

"ஒரு நாள்கூடத் தவற விடலக்கா. ரெண்டு அட்டையும் காலி, பாருங்க," என்றார் ஓட்டுநர், பரிசு வாங்கவந்த மாணவனைப் போல நிமிர்ந்துகொண்டு.

பெரிய மாத்திரையின் அட்டை நைந்து கிடந்தது. சிறிய மாத்திரையின் அட்டையில் ஒரு மடிப்புகூட இல்லை.

"ரெண்டையும் சட்டைப் பையிலதான் வெச்சிருந்தீங்களா, தம்பி?"

"ஆமாக்கா. வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி முழுங்கிடுவேன்."

"ஒரே பைதானே? ஒண்ணு கசங்கிக் கெடக்கு, இன்னொண்ணு இஸ்திரி போட்ட மாதிரி இருக்கே!"

ஓட்டுநருக்கு முகத்தில் அசடு வழிந்தது. அட்டை அக்கா எழுந்து கதவைச் சாத்தினார்.

"டாக்டரம்மாகிட்ட மட்டும் சொல்லுவேன். டிப்போவுக்கு ஒரு வார்த்தை போகாது. இப்பச் சொல்லுங்க."

"இன்னிக்குக் காலையிலதான் பத்தையும் பிதுக்கி வீசினேன்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "அதைப் போட்டா அரை மணிக்கு ஒரு தடவை ஒண்ணுக்கு முட்டுது. நான் ஓட்டுற தடத்துல நாலு மணி நேரம் எங்கயும் கழிப்பறை கெடையாது. அறுபது பேரை வண்டியில உட்கார வெச்சுட்டு மரத்தடியத் தேடி ஓட முடியுமாக்கா? கண்டக்டரே என்னைக் கிண்டல் பண்ணி ஊரைக் கூட்டிடுவான்."

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"பொம்பள டாக்டர்கிட்ட எப்படிக்கா சொல்றது?"

அட்டை அக்கா சிரிக்கவில்லை. அடுத்த அறைக்குச் சென்று மருத்துவரிடம் நடந்ததைக் கூறினார். மருத்துவர் சீட்டை வாங்கி, மூன்றாவது மருந்தின்மேல் ஒரு கோடு இழுத்தார். பின்னர் தாமே எழுந்துவந்து ஓட்டுநர் அருகில் அமர்ந்தார்.

"உங்க வேலை எத்தனை மணிக்கு முடியுது?"

"மத்தியானம் ஒண்ணரைக்கும்மா."

"அப்ப இந்தச் சின்ன மாத்திரைய வீட்டுக்குப் போனதும் ரெண்டு மணிக்குப் போடுங்க. காலையில வேண்டாம். இதை முதல் நாளே நான் கேட்டிருக்கணும். ரெண்டு வாரம் கழிச்சுப் பார்ப்போம்."

இரண்டு வாரம் கழித்து ஓட்டுநர் வந்தபோது, இரு அட்டைகளும் பழைய பயணச்சீட்டைப் போல ஒன்றுபோலவே கசங்கியிருந்தன. அட்டை அக்கா வழக்கப்படி ஐந்து நிமிடம் காத்திருந்தபின் கருவியைக் கட்டினார். நூற்று முப்பத்துநான்கு. ஐயத்திற்கு இடமின்றி மறுகையிலும் பார்த்தார், அதேதான். மருத்துவர் படிவத்தில் கையெழுத்திட்டார்.

படிவத்தைப் பைக்குள் வைத்த பின்னும் ஓட்டுநர் எழுந்திருக்கவில்லை.

"எங்க டிப்போவுல இதே மாத்திரைய வீசுறவங்க இன்னும் பதினோரு பேர் இருக்காங்கக்கா. நான் வாயைத் திறந்ததும் ஒவ்வொருத்தனா ஒப்புக்கிட்டான்."

"கூட்டிட்டு வர வேண்டியதுதானே?"

"எப்படி வருவாங்க? பாதிப் பேரு விடியக்காலையில வண்டி எடுத்துட்டு, மத்தியானம் எறங்கினதும் தூங்கப் போயிடுவாங்க. மீதிப் பேரு ராத்திரி வரைக்கும் ஓட்டிட்டு, நீங்க கதவு திறக்கும்போது தூங்கிட்டிருப்பாங்க. ஷிஃப்ட் மாத்துற ஒண்ணரை மணிக்குத்தான் எல்லாரும் ஒண்ணா இருப்போம்."

அட்டை அக்கா சுவரில் தொங்கிய நாட்காட்டியை நோக்கினார். பிறகு மருத்துவரை நோக்கினார். வியாழக்கிழமை பிற்பகலில் மையத்திற்கு வருவோர் குறைவு என்பது இருவருக்கும் தெரியும். மருத்துவர் தலையசைத்தார்.

அட்டை அக்கா கருவியின் பட்டையைச் சுருட்டிப் பெட்டியில் வைத்து மூடினார்.

"வியாழக்கிழமை ஒண்ணரை மணிக்கு நானே டிப்போவுக்கு வரேன்," என்றார். "அஞ்சு நிமிஷம் உட்கார ஒரு பெஞ்சு மட்டும் போட்டு வைங்க."