பொசைடனுக்குப் பெண் கேட்டார்கள்

வள்ளிநாயகிக்கு இது ஏழாவது பெண் பார்க்கும் படலம். திருத்தணியில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு முப்பத்தொரு வயதுவரை கல்யாணமாகாமல் இருக்கத் தனித் துணிச்சல் வேண்டும் என்று தெருவில் ஒரு பேச்சு. துணிச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. நாலாவது வரனுக்குப் பிறகு அவளுக்கு எதுவுமே உறைப்பதில்லை. காலையில் அரக்கோணம் ரயில், அங்கே ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலை, சாயங்காலம் திரும்பும் ரயில். அவ்வளவுதான்.

பள்ளிப்பட்டு வரன் குமரேசனுக்கு ஜாதகம் பொருந்தியது போதவில்லை. சென்னையில் அவன் கம்பெனிப் பயிற்சி வகுப்பில் மனிதர்களைக் கிரேக்க சாமிகளாகப் பிரித்துக் காட்டினார்களாம். ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு சாமி. பெண்ணுக்கும் நாற்பது கேள்விகளை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டான்.

"எல்லாத்துக்கும் நடுவுல கீறத அமுக்குடி," என்றாள் அம்மா ஜெயம்மாள். "ரொம்ப நல்லவளா தெரிஞ்சா சந்தேகப்படுவாங்க."

வள்ளி ரயிலில் நின்றபடியே நடுவில் இருந்ததை அமுக்கிக்கொண்டு போனாள். முப்பத்தெட்டாவதில்தான் விரல் நின்றது: வீட்டில் தனியாக இருக்கும்போது எப்படி இருக்கிறது? 'நிம்மதி' கடைசியில் இருந்தது. அதை அமுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கேசரியில் கை வைக்குமுன்பே குமரேசன் போனை எடுத்தான்.

"நான் பொசைடன். கடல் சாமி. கோவம் வந்தா புயல்தான், ஆனா ஆழம் ஜாஸ்தி. உங்க பொண்ணு ஹெஸ்டியா. அடுப்பு நெருப்புக்குச் சாமி. அமைதி. வூட்டவுட்டு நகராத கொணம்."

"அப்போ வேலைய வுட்டுடும்," என்றாள் அவன் அம்மா, பஜ்ஜியைப் பிட்டபடி. "எங்களுக்குச் சம்மதங்க."

ஜெயம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மணியம்மை, உதறிய துணியையே மறுபடி உதறிக்கொண்டிருந்தாள்.

"நீ இன்னாம்மா சொல்ற?" என்றார் அப்பா எல்லப்பன். ஆறு வரன்களுக்கும் கேட்காதவர்.

பதில்களை அனுப்பியதும் வள்ளியின் போனுக்கும் அதே பக்கம் வந்திருந்தது. ரயிலில் பொழுது போகாமல் முழுசும் படித்திருந்தாள்.

"கீழ இன்னும் ரெண்டு வரி கீது, நைனா." டோக்கன் நம்பர் கூப்பிடும் குரலில் வாசித்தாள். "ஹெஸ்டியாவைப் பொசைடன் பெண் கேட்டான். அவள் மறுத்து, யாரையும் மணப்பதில்லை என்று சத்தியம் செய்தாள்."

பஜ்ஜி மெல்லும் சத்தம் நின்றது.

"அது புராணங்க. நாம பாக்கறது கொணம்," என்றான் குமரேசன்.

"வூட்டவுட்டு நகராத கொணம்னு நீங்கதான சொன்னீங்க? என் வூடு இதாங்க. நகரல."

புயல் எதுவும் அடிக்கவில்லை. வந்த கார் பள்ளிப்பட்டுக்கே திரும்பியது. ஜெயம்மாள் சுவரைப் பார்த்து அழுதாள். உப்பு கேட்க வந்த மணியம்மையின் கையில் கிண்ணம் இல்லை.

"எந்த ஊர் சாமிடி அது? உக்கிரமான சாமியா?"

வள்ளி அடுப்படிக்குப் போனாள். சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. அடுப்பைப் பற்றவைத்து, மிஞ்சிய டீயைத் தனக்கு மட்டும் ஒரு டம்ளர் சூடு பண்ணினாள். டம்ளரைப் பிடித்த விரலில் சுட்டது; உறைத்தது. கொஞ்ச நேரம் விரலை எடுக்காமலே வைத்திருந்தாள்.