நாற்காலி மெத்தைக்குள் ஓர் ஆந்தை

தேங்காய் வாங்குகிறவரைப் போல, ரிப்பேர்க்காரர் ஹார்டு டிஸ்க்கைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு துக்க வீட்டு முகத்தை மாட்டிக்கொண்டு கேட்டார்.

"இது போச்சு. பேக்கப் இருக்குங்களா?"

"இல்லாம? பென்டிரைவ்ல இருக்கு" என்றாள் அண்ணி.

அந்த எம்ப்ராய்டரிக் கடையில் வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. அண்ணி முன்னறையில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவாள். கொழுந்தன் பின்னறையில் அதை மெஷினில் ஏற்றித் தைப்பான். நடுவே ஒரு பென்டிரைவ் நடையாய் நடந்தது. தான் போட்டதெல்லாம் அதில் பத்திரமாகப் படுத்திருப்பதாக அவள் இத்தனை வருஷமும் நம்பியிருந்தாள்.

கொழுந்தன் தலையைச் சொறிந்துகொண்டே வந்தான். "அண்ணி, அதுல நிறைய இருந்தா மெஷின் முரண்டு பிடிக்கும். தச்சு முடிச்சதும் அழிச்சிடுவேன்."

"எல்லாத்தையுமா?"

"உங்க கம்ப்யூட்டர்ல இருக்கேன்னு..."

"நான் உங்கிட்ட இருக்குன்னு இருந்தேன்."

ரிப்பேர்க்காரர் நாசூக்காகத் தொண்டையைக் கனைத்தார். புது டிஸ்க் ஒன்றை மாட்டிவிட்டு, செத்ததை மேசைமேல் வைத்துவிட்டு நழுவினார். அண்ணிக்கு அழவும் அலுப்பாக இருந்தது. அழுதால் அப்புறம் முகம் கழுவ வேண்டும்.

போனது போகட்டும் என்று விடவும் வழியில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சட்டை சப்ளை செய்கிறவர், சட்டைப் பையில் தைக்கும் ஆந்தை பேட்ஜுக்கு மறுபடி ஆர்டர் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை சாம்பிள் பார்க்க வருகிறார். கடைக்குச் சோறு போடுவதே அந்த ஆந்தைதான்.

"அவர்கிட்டயே பழைய சட்டை ஒண்ணு கேட்டா என்ன அண்ணி?"

"கேளேன். டிசைன் நம்மகிட்ட இல்லைன்னு தண்டோரா போட்ட மாதிரி ஆயிடும். இத்தனை கடை இருக்க, அவர் எதுக்கு இங்க வர்றார்? உன் அழகைப் பார்க்கவா? ஆந்தை இங்க கட்டிக் கிடக்குன்னுதான். கயிறு அறுந்தது தெரிஞ்சா, எங்க மலிவோ அங்க போயிடுவார்."

சொல்லிவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள். மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள்.

எந்த டிசைனையும் முதலில் ஒரு கழிவுத் துண்டில் தைத்துப் பார்ப்பார்கள். அந்தத் துண்டுகளை எறிய மனம் வராமல், இருக்கிற துணியை விட்டுப் பஞ்சு வாங்குவானேன் என்று, அண்ணிதான் ஓர் உறைக்குள் திணித்து மெத்தையாக்கியிருந்தாள்.

"கத்தரிக்கோலைக் கொண்டா."

பிரித்ததும் கடையின் சரித்திரமே தரையில் கொட்டியது. பேக்கரிக்காரர் தொப்பிக்குப் போட்ட டிசைன், கால்பந்து கிளப்பின் சிங்கம், பிரிந்துபோன ஒரு ஜோடியின் பெயரெழுத்துகள். எல்லாவற்றுக்கும் அடியில், நசுங்கி, ஆந்தை.

"பேக்கப் மேலேயே குந்தியிருந்திருக்கீங்க அண்ணி!"

"சிரிச்சா பல்லைத் தச்சிடுவேன்."

ஆனால் துணியை மெஷினுக்குப் படிக்கத் தெரியாது. எந்த இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, இறகு இறகாக மறுபடி வரைய வேண்டும். புது வேலையென்றால் எப்படி வருமோ என்கிற ஆசையாவது இழுத்துக்கொண்டு போகும். முடித்த வேலையையே திரும்பச் செய்கிற அலுப்புக்கு அந்தத் துணையும் கிடையாது. கழுத்து பிடித்தது. கண் எரிந்தது. மெத்தையில்லாத நாற்காலி தன் பங்குக்குக் குத்தியது.

வெள்ளிக்கிழமை சப்ளையர் வந்தார். சாம்பிளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த ஆந்தை தூங்கி வழியுதே?"

வழியத்தான் செய்தது. பழசில் வட்டமாக விழித்திருந்த கண்ணில் இப்போது இமை பாதி இறங்கியிருந்தது. வரைந்தவளின் கண்ணும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. பின்னறை வாசலிலிருந்து கொழுந்தன் எட்டிப் பார்த்தான்.

"பரீட்சை நேரமில்லையா சார்? பிள்ளைங்க கூடச் சேர்ந்து அதுவும் கண்ணு முழிச்சிருக்கும்."

அவர் சிரித்துவிட்டார். "கண்ணைத் திறந்து விடுங்க. மத்ததெல்லாம் பழசு மாதிரியே இருக்கு. எடுத்து வச்சிருக்கிற டிசைன்தானே, உங்களுக்கு ஒரு நிமிஷ வேலை."

"ஆமா சார்" என்றாள் அண்ணி. "ஒரு நிமிஷம்."

அவர் போனதும் ஆந்தையின் கண்ணைத் திறந்தாள். கம்ப்யூட்டரில் இருப்பது போக, மூன்று தனி டிஸ்க்குகளில் பிரதி எடுத்தாள்.

"மூணு எதுக்கு அண்ணி?"

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு எங்க அக்கா வீட்டுக்கு. அவதான் நம்ம ரெண்டு பேரையும் நம்ப மாட்டா."

"மெத்தைக்குப் பஞ்சு வாங்கிட்டு வரட்டா?"

"வேண்டாம்."

தூங்குமூஞ்சி ஆந்தையைக் காலி உறைக்குள் போட்டு, அதை நாற்காலியில் விரித்து உட்கார்ந்தாள். தரையில் கிடந்த குவியலிலிருந்து பேக்கரிக்காரர் தொப்பி டிசைன் துண்டை எடுத்து, திருப்பி, இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கத் தொடங்கினாள்.