கேட்டால்தான் சொல்லலாம்

அட்டையைப் புரட்டியதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள். 'வலப்பக்கம் பாறை' என்று அதில் எழுதியிருந்தது. மேசைக்கு எதிரே கேப்டன் தொப்பியோடு உட்கார்ந்திருந்தவர் அவளுடைய மேனேஜர். தலைமைப் பண்பை வளர்க்கிற விளையாட்டாம். காலையிலிருந்து பயிற்சியாளர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஓர் அட்டை. கேப்டன் கேட்டால்தான் அதில் உள்ளதைச் சொல்லலாம்; கேட்டுவிட்டால் சொல்லியே ஆகவேண்டும். திரையில் ஓடுகிற கப்பலை யார் கரைசேர்க்கிறாரோ அவருக்குப் புதுக் கிடங்கின் பொறுப்பு என்று அறிவித்துவிட்டு, முதலாளியும் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டால்தான். அந்தச் சொல்லை அவள் மறப்பாளா? குளிர் அறை இயந்திரம் ஒரு மாதிரி இரைகிறது என்று சொல்லப் போனவளை, "கேட்டா மட்டும் பேசுங்கம்மா" என்று எல்லார் முன்னாலும் வாயடைத்தவர் இவர்தான். மறுநாள் ஐஸ்கிரீம் மொத்தமும் உருகி ஓடியபோது, இந்தம்மா என்கிட்ட சொல்லவே இல்லையே என்று பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டவரும் இதே மகாராசன்தான். அன்றிலிருந்து அவளுக்கு வாசலில் லாரிகளுக்குக் கதவு திறந்துவிடுகிற வேலை.

இன்றும் அவர் எல்லாரையும் கேட்டார், அவளைத் தவிர. பார்வைகூட இந்தப் பக்கம் வரவில்லை. வராது என்று அவளுக்குத் தெரியாதா என்ன! ஜம்பமாகக் கப்பலை வலப்பக்கம் திருப்பினார். திரையில் பாறை எழுந்தது, கப்பல் பிளந்தது.

"ஏம்மா சொல்லல?" மேனேஜர் இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க கேக்கலையே சார்."

முதலாளி தொண்டையைக் கனைத்தார். இத்தனை நாள் எரிந்த வயிறு அவளுக்குக் குளுகுளுவென்று ஆயிற்று. அந்தக் கப்பலை இன்னும் நாலு தடவை மூழ்கடித்துப் பார்க்கலாம் போலிருந்தது.

பயிற்சியாளர் மேனேஜர் தலையிலிருந்த தொப்பியை எடுத்து இவள் தலையில் வைத்தார். அட்டைகளைக் கலைத்துப் போட்டார். இனி அவள் ஆட்டம். ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தாள். காற்று ஒருவரிடம், ஆழம் ஒருவரிடம், எரிபொருள் ஒருவரிடம். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, பாறை யார் கையில் இருக்கிறதென்று.

மேனேஜர் தன் அட்டையைக் கவிழ்த்துவைத்து, மேலே இரண்டு உள்ளங்கைகளையும் பொத்தியிருந்தார். அவளையே பார்த்தார். அவசரமே இல்லை அவருக்கு.

இந்த ஆளிடமா? நாக்கு புரளவில்லை. ஒரு வார்த்தை கேட்டால் போதும், கிடங்கு அவளுடையது. எல்லாரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அளவில் பெரிய அந்தத் தொப்பி மெல்ல அவள் புருவம்வரை இறங்கியது. திரையில் கப்பல் போய்க்கொண்டே இருந்தது.