அண்ணன் பக்கத்துக் கம்பி

தெருவில் அவருக்கு ‘சிக்னல்’ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கூட உதட்டைப் பிதுக்குவார். சிக்னல் வீடு என்றால் பார்சல்காரர் நேராக வாசலில் வந்து வண்டியை நிறுத்திவிடுவார்.

வீட்டுக் கொல்லையில் ஓர் இரும்பு டவர். உச்சியில் மீன்முள் போல ஆன்டெனா. பின்கட்டு அறையில் ரேடியோப் பெட்டி. அதன் முன்னால் உட்கார்ந்து மைக்கை அமுக்கினால், உலகத்தின் எந்த மூலையில் இருக்கிற ஆளோடும் சிக்னலால் பேச முடியும். பேசியும் இருக்கிறார். என்ன பேசினார் என்று மட்டும் கேட்கக் கூடாது. “உங்கள் குரல் நன்றாகக் கேட்கிறது, என் குரல் கேட்கிறதா, நன்றி, வருகிறேன்.” தீர்ந்தது. பேசியதற்கு அத்தாட்சியாக இரண்டு பேரும் தபாலில் ஓர் அட்டை அனுப்பிக்கொள்வார்கள். அட்டைகள் அறைச் சுவரை நிரப்பி, நடையைத் தாண்டி, குளியலறைக் கதவு வரைக்கும் வந்துவிட்டன.

இப்படி ஊர் உலகத்தோடெல்லாம் பேசுகிறவர், நடுவில் ஒற்றைச் சுவர் மட்டும் இருக்கிற தன் சொந்த அண்ணனோடு பேசுவதில்லை.

அண்ணன் வாழ்நாள் முழுக்கக் காப்பீட்டு முகவர். கூரை இடியும், கார் மோதும், மாரடைக்கும் என்று எதிரில் உட்கார்ந்தவனை வியர்க்க வைத்தே குடும்பத்தை நடத்தியவர். அவர் ஓய்வு பெற்ற அன்று வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு, ஸ்பீக்கர் வாடகைக்கு எடுத்து, சின்னதாக ஒரு விழா வைத்தார். முன்வரிசையில் இருந்த சிக்னல் பாதியில் நைசாக எழுந்து போனார். எங்கோ ஒரு மூலை தேசம் அன்றைக்குத்தான் வாகாகக் கேட்கிறதாம். அண்ணன் மைக்கைப் பிடித்து, “என் வாழ்க்கையில் நான் சம்பாதித்ததெல்லாம்...” என்று உருக்கமாகத் தொடங்கியபோது, ஸ்பீக்கரிலிருந்து கழுத்தைப் பிடித்த வாத்து போல ஒரு சத்தம். பக்கத்து வீட்டில் தம்பி மூலை தேசத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் வாயைத் திறக்கும்போதெல்லாம் வாத்தும் திறந்தது. கூட்டம் சிரித்து உருண்டது.

ஒரு ‘மன்னிச்சுக்கங்கண்ணே’ சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே முடிந்திருக்கும். சிக்னல் வந்து சொன்னது வேறு.

“தப்பு என் ரேடியோல இல்லண்ணே. உங்க ஸ்பீக்கர் மட்டமான சரக்கு. நல்ல ஸ்பீக்கரா இருந்தா என் குரலை உள்ளயே விட்டிருக்காது.”

சொன்னது சரிதான். அதுதான் சிக்னலின் வியாதி. தொழில்நுட்பத்தில் யாராவது தப்பாக ஒரு வார்த்தை சொன்னால், திருத்தாவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும். இரங்கல் கூட்டத்தில் எழுந்து மைக் செட்காரரைத் திருத்தியவர். இருதயத்தைப் பரிசோதித்த டாக்டரிடம், நெஞ்சில் ஒட்டிய ஒயர் வரிசை சரியில்லை என்று படுத்தபடியே சொன்னவர்.

அண்ணன் பேச்சை நிறுத்தினார். கொல்லைக்கு நடுவே ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பினார். ஆனால் டவர், சுவருக்கு முந்தியே வந்த ஒன்று. அது தானாக நிற்பதில்லை. மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டித்தான் நிற்கிறது. இரண்டு கம்பிகள் சிக்னல் கொல்லையில் இறங்கின. மூன்றாவது கம்பி, புதுச் சுவரைத் தாண்டிப் போய், அண்ணனின் கார் ஷெட்டுக்குப் பக்கத்தில் சிமெண்ட் கட்டையில் இறங்கியது. அண்ணி அதில் துண்டு காயப்போடுவாள்.

அந்தக் கம்பியை அவிழ்த்துவிடச் சொல்லி அண்ணன் ஒரு நாளும் கேட்கவில்லை. அதைவிட விசேஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கம்பியைத் துடைத்து, அதை இறுக்குகிற திருகுக்கு கிரீஸ் பூசி, கொஞ்சம் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். சுவர் ஓட்டை வழியாக இதைப் பார்த்த சிக்னல், கூடப்பிறந்த பாசம் எங்கே போகும் என்று நினைத்துக்கொண்டார். காரணத்தை அவர் மனைவிதான் கேட்டுக்கொண்டு வந்தாள். ஓரகத்திகள் இருவருக்கும் சண்டை கிடையாது. சண்டை போட அவர்களுக்கு நேரம் இல்லை.

“அந்தக் கம்பி விட்டுச்சுன்னா டவர் அவங்க ஷெட்டு மேல விழுந்துருமாம். அதான் பார்த்துப் பார்த்து எண்ணெய் போடறாராம் மாமா. அக்கா சொன்னாங்க.”

சிக்னல் சிரித்த சிரிப்பில் அட்டைகள் ஆடின. “அட அறிவே! அந்தக் கம்பி விட்டா டவர் எப்படி அந்தப் பக்கம் விழும்? பிடிச்சு இழுக்கிற கை விட்டா எதிர்ப்பக்கம்தானே சாயும்? நம்ம பக்கம்தான் விழும். நேரா இந்த ரூம் மேல. நான் உட்கார்ந்திருக்கிற நாற்காலி மேல.”

“அப்போ மாமா காப்பாத்தறது உங்களையா?”

“என்னையேதான்.”

“அப்போ அவர் தப்பாவே நினைச்சுட்டிருக்கட்டும். நீங்க வாயைத் திறக்காம இருந்தா போதும்.” சொல்லிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “உங்களால முடியுமா?”

“நான் என்ன சின்னக் குழந்தையா?”

அவள் தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

இந்த நேரத்தில்தான் தீவு வந்தது. பெருங்கடலின் நடுவில், கடற்பறவைகள் மட்டுமே குடியிருக்கும் ஒரு பாறைத் தீவு. ரேடியோக்காரர்களின் கணக்கில் அதுவும் ஒரு தேசம். எல்லா தேசத்தோடும் பேசி முடித்தவர் என்று ஒரு பட்டம் உண்டு. சிக்னலுக்கு அந்தப் பட்டத்துக்கு இந்த ஒரே ஒரு தீவுதான் பாக்கி. கடைசியாக அங்கே ரேடியோவோடு ஆட்கள் போனபோது சிக்னலுக்குத் தலை நிறைய முடி இருந்தது. மறுபடி இப்போதுதான் ஒரு குழு படகேறியிருக்கிறது. ஒரு வாரம் இருப்பார்கள். இந்த வாரத்தை விட்டால், அடுத்த முறை குழு போகும்போது சிக்னல் இருப்பாரா என்பதே சந்தேகம்.

குழு தீவில் இறங்கிய அன்றைக்கு, ஆன்டெனாவைச் சுற்றித் திருப்புகிற மோட்டார் மக்கர் செய்தது. ஆன்டெனா அண்ணன் வீட்டு மாடியையே முறைத்துக்கொண்டு நின்றது. தீவு இருப்பது நேர் எதிர்த் திசையில்.

சங்கத்துக்கு ஆள் அனுப்பினார். ஊரின் ரேடியோக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து நடத்துவது அந்தச் சங்கம். செயலாளர் பல் டாக்டர். டவர் வேலை என்றால் சங்கமே திரண்டு வரும். வந்து, நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்து ஆளுக்கொரு யோசனை சொல்லும். ஏறுவதற்கு மட்டும் ஆள் இருக்காது. டவர் பாதுகாப்பு பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய பல் டாக்டருக்கு மொட்டைமாடியில் நின்றாலே தலை சுற்றும். அதனால் செல்போன் டவர்களில் ஏறி வேலை பார்க்கிற பெண் ஒருத்தியைக் கூட்டி வந்திருந்தார். அவள் இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு ஒரே வார்த்தையில் முடித்தாள்.

“மூணு கம்பியும் பார்க்காம ஏற மாட்டேன்.”

மூன்றாவது கம்பி அண்ணன் பக்கம். மனைவி சுவரோரம் போய் “அக்கா!” என்றாள். அண்ணி கேட்டைத் திறந்துவிட்டாள். சங்கம் மொத்தமும் அண்ணன் கொல்லைக்குள் நுழைந்தது. கடைசியாகத் தரையைப் பார்த்தபடி சிக்னல். சுவர் எழுந்த பிறகு அந்த மண்ணை அவர் மிதிப்பது அன்றுதான்.

பல் டாக்டர் குனிந்து கம்பியை ஆராய்ந்தார், கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல. “அடடா! துளி துரு இல்ல. சார், உங்க பக்கத்துக் கம்பி ரெண்டும் பார்த்தேன். சொத்தை விழுந்து கிடக்கு. இதைப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. யாரு பராமரிக்கறது?”

“நான்தான்” என்றார் அண்ணன். கையில் கிரீஸ் டப்பா. ஓய்வுபெற்ற நாள் முதல் அவருக்குக் கிடைக்காமல் போன கூட்டம் இப்போது காலடியில் வந்து நின்றது. அன்று பாதியில் நின்ற பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறவர்போலத் தொண்டையைச் செருமினார். “எல்லாம் ஒரு முன்ஜாக்கிரதைதான். கவனமா கேட்டுக்கங்க. இந்தக் கம்பி அறுந்தா டவர் என் ஷெட்டு மேல விழும்.”

சங்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது தப்பு என்று தெரியும். அத்தனை பேருக்கும் சிக்னலின் வியாதிதான். பல் டாக்டர் வாயைத் திறந்தார்; சிக்னல் அவர் காலை அழுத்தி மிதித்தார். ஸ்டூல் மேல் ஏறி நின்ற மனைவியின் தலை சுவருக்கு மேலே தெரிந்தது. கண் இமைக்கவில்லை அவள்.

யாரும் மறுக்காததால் அண்ணனுக்கு ஊக்கம் பிறந்தது. “கிரீஸ் எதுக்குன்னா, ரேடியோ அலை கம்பி வழியா வழிஞ்சு கீழ இறங்காம இருக்க.”

சிக்னலின் கழுத்தில் நரம்பு புடைத்தது. விழுங்கிக்கொண்டார்.

“டவர் உயரமா இருக்கறதெல்லாம் சும்மா பகட்டு. அலைக்கு உயரம் தாழ்வு கிடையாது.”

அதையும் விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“நல்லா யோசிச்சுப் பாருங்க” என்றார் அண்ணன், விரலை நீட்டி. “கயித்தைப் பிடிச்சா மாடு எந்தப் பக்கம் வரும்? பிடிச்ச பக்கம்தானே? அப்போ இந்தக் கம்பி அறுந்தாலும் டவர் இந்தப் பக்கம்தான் வரும். விஞ்ஞானம்.”

‘விஞ்ஞானம்’ என்ற சொல்தான் சிக்னலைச் சாய்த்தது.

“அறுந்த கயித்துல மாடு எப்படிண்ணே வரும்? அறுந்தா எதிர்ப்பக்கம் ஓடும்!”

சுவருக்கு மேலே தெரிந்த தலை மெதுவாகக் கீழே இறங்கி மறைந்தது.

நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அண்ணியின் துடைப்பத்தைப் பிடுங்கி, உச்சியில் மூன்று கயிறு கட்டி நட்டுவைத்து, பல் டாக்டர் கையிலும் இன்னும் இருவர் கையிலும் கயிற்று நுனியைக் கொடுத்து, அண்ணன் பக்கத்துக் கயிற்றை விடச் சொல்லி, துடைப்பம் எந்தப் பக்கம் விழுகிறது என்று நேரில் காட்டினார். மறுபடி நட்டு இன்னொரு தடவையும் காட்டினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, அடக்கி வைத்திருந்த தும்மல் வந்தவன்போல.

துடைப்பம் விழுந்த திசையை அண்ணன் கண்ணாலேயே நீட்டிக்கொண்டு போனார். சுவர். சுவரைத் தாண்டி பின்கட்டு அறை. ஜன்னல். நாற்காலி.

“அப்போ” என்றார், வருஷக்கணக்குக்குப் பிறகு தம்பியைப் பார்த்து, “இவ்வளவு நாளும் நான் எண்ணெய் போட்டுக் காப்பாத்தினது உன் தலையையா?”

சிக்னல் துடைப்பத்தோடு நின்றார்.

“சொல்லுடா. என் ஷெட்டைக் காப்பாத்தறது எந்தக் கம்பி?”

“எங்க பக்கத்துல இருக்கற ரெண்டும்ணே.”

“அந்தச் சொத்தை விழுந்த ரெண்டுமா?”

பல் டாக்டர் ஆகாயத்தைப் பார்த்தார். அண்ணன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு திருகுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவிழ்க்கவில்லை. சும்மா ஸ்பேனரை முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தார். ஆபத்தைச் சொல்லாமல் சொல்லிக் காட்டுவது அவர் தொழில்.

“தீவு வாரக் கடைசியில கிளம்பிருதுண்ணே” என்றார் சிக்னல். குரல் அவருக்கே கேட்கவில்லை.

“தீவு எங்கயும் போகாது. ஆளுங்கதான் போவாங்க. தப்பா சொல்லாத.” தம்பியையே திருத்திய சந்தோஷத்தை அண்ணன் கொஞ்ச நேரம் சுவைத்தார். பிறகு நிபந்தனையைப் போட்டார். “இனிமே உன் பக்கத்துக் கம்பி ரெண்டையும் நான் வந்து பார்த்துக்கறேன். அது என் ஷெட்டு. இதை நீ வந்து பார்த்துக்கோ. இது உன் தலை. அவனவன் உசுரு அவனவன் கையில. சம்மதமா?”

சம்மதிக்காமல் என்ன செய்வது.

அந்த வாரத்தின் முக்கால்வாசி கம்பி மாற்றுவதிலேயே போனது. பழையதை அவிழ்ப்பதற்கு முன்னால் புதியதைக் கட்டவேண்டும். சங்கம் நாற்காலியில் இருந்து யோசனை சொன்னது. அண்ணன் ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடவிட்டார். எல்லாம் முடிந்து அந்தப் பெண் ஏறி, மோட்டாரைச் சரிசெய்து இறங்கியபோது, தீவுக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

கடைசி நாள். சிக்னல் காலையிலிருந்து தீவைக் கூப்பிட்டார். உலகமே அதே நேரத்தில் கூப்பிட்டது, சந்தைக்கடை இரைச்சல். மத்தியானம் தொண்டை கட்டியது. சாப்பாட்டுத் தட்டு ஆறிப்போய் மேசையில் இருந்தது. வெயில் சாயும் நேரம், இரைச்சலுக்கு நடுவில் ரேடியோவில் தன்னை அடையாளம் காட்டும் அழைப்புக்குறியை யாரோ திருப்பிச் சொல்வது கேட்டது.

“நன்றாகக் கேட்கிறது” என்றது தீவு.

“எனக்கும் நன்றாகக் கேட்கிறது. நன்றி” என்றார் சிக்னல்.

தீவு அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டது.

மைக்கைக் கீழே வைத்தார். சொல்ல ஆள் தேடி ஜன்னலைத் திறந்தார். புதுக்கம்பிக்குப் பக்கத்தில் கிரீஸ் டப்பாவும் ஸ்பேனருமாக அண்ணன்.

“அண்ணே, கிடைச்சிருச்சு!”

“என்ன சொன்னான்?”

“நல்லா கேக்குதுன்னான்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?” அண்ணன் டப்பாவை மூடினார். “இதுக்கா நான் இத்தனை வருஷம் எண்ணெய் போட்டேன்? சரி, அடுத்தது எந்தத் தேசம்?”

“அடுத்தது இல்லண்ணே. எல்லாம் பேசியாச்சு.”

“அப்போ டவரை இறக்கிடலாமே. எதுக்கு ரெண்டு வீட்டுக்கும் வீண் ஆபத்து?”

கேள்வியில் தப்பே இல்லை. சிக்னல் டவரைப் பார்த்தார். புதுக்கம்பியைப் பார்த்தார். அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். சமையலறை ஜன்னலில் மனைவி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு நின்றிருந்தாள்.

“இறக்கக் கூடாதுண்ணே” என்றார். “நிக்கற டவரை இறக்குனா மண்ணோட பிடிமானம் போய்ச் சுவர் ரெண்டும் விரிசல் விட்டுரும். அப்படியே வெச்சு வாராவாரம் கிரீஸ் போட்டு வர்றதுதான் பாதுகாப்பு. விஞ்ஞானம்.”

அண்ணன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தார். காப்பீட்டு முகவருக்குப் பொய் தெரியாதா?

“அப்போ பெரிய டப்பாவா வாங்கணும்” என்றார்.